மூன்றும் ஒன்றல்ல

மேலைநாட்டு இசைப்படங்களைப் பற்றி நம் மேடைகளிலும் மன்றங்களிலும் எழும் குறைகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. போதைப் பழக்கம், ஆண் பெண் முறைமைகளின் குலைவு, தன்பால் ஈர்ப்பு என்னும் மூன்றும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு வழங்கப்படுகிறது. பிள்ளைகளின் நலனை முன்னிட்டு இவ்வாறு பேசும் பெற்றோரின் கவலை மெய்யானது. அதனை எள்ளி ஒதுக்குவது நம் நோக்கமன்று. எனினும், பெயர்பெற்ற சில இசைப்படங்களை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. இம்மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, மனிதரை அடிமைகொள்ளும் ஒரு பொருளைப் பற்றியது. இரண்டாவது, நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும் வழக்கத்தைப் பற்றியது. மூன்றாவதோ, பெயரும் முகமும் தாய் தந்தையரும் உடைய ஓர் ஆளைப் பற்றியது. பொருளையும் வழக்கத்தையும் ஆளையும் ஒரே தராசில் நிறுப்பவர், படத்தை மட்டுமன்றி மனிதரையும் தவறாக அளந்துவிடுவார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இசைப்படம் என நாம் ஈண்டுக் குறிப்பது, ஒரு தனிப்பாடலுக்கென்றே எடுக்கப்படும் மூன்று அல்லது நான்கு நிமிடப் படத்தை. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. தொலைக்காட்சி தொடங்கியபின் இக்கலை பெருவளர்ச்சி பெற்றது. பத்தாண்டுகளில் ஸ்டார் தொலைக்காட்சி வழியாக நம் நாட்டு இல்லங்களையும் அது எட்டிற்று. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நாற்பதாண்டுப் பாடல்கள் அத்தனையும் கிடைக்கின்றன. ஆகவே, 1984இல் வந்த படமும் நேற்று வந்த படமும் இளைஞர் முன் அருகருகே நிற்கின்றன.

இத்தகைய படங்களில் தீமை காட்டப்படுவதே தவறு என்று கருதுவோர் உளர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்வாறு கூறவில்லை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையின் ஏழாம் பத்தி, ஒழுக்கக் கேட்டைச் சித்திரிப்பது மனிதரை ஆழமாக அறிவதற்கும் உண்மையையும் நன்மையையும் துலக்கிக் காட்டுவதற்கும் உதவக்கூடும் என ஒப்புகிறது. அச்சித்திரிப்பு ஆன்மாக்களுக்குக் கேடு விளைக்காவண்ணம் அறநெறிக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் எனவும் வரையறுக்கிறது. எனவே நம் முன் நிற்கும் வினா, தீமை காட்டப்பட்டதா என்பதன்று. எதற்காக, எவருடைய முகத்தைக் காட்டி, எவருடைய முகத்தை மறைத்துக் காட்டப்பட்டது என்பதே.

கண்ணாடியில் ஒரு பெண்

1997ஆம் ஆண்டு நவம்பரில் 'பிராடிஜி' என்னும் ஆங்கில இசைக்குழு ஒரு தனிப்பாடலை வெளியிட்டது. பெண்ணை அடிப்பதைக் குறிக்கும் அதன் கொச்சைத் தலைப்பை இவ்விதழில் எழுதுவது தகாது. சுவீடன் நாட்டவரான யோனாஸ் ஓகர்லுண்ட் இயக்கிய அதன் இசைப்படத்தில் மேற்சொன்ன மூன்றும் ஒருங்கே இடம்பெறுகின்றன. இலண்டன் மாநகரில் ஓர் இரவு. கதைமாந்தரின் கண்களே படக்கருவி. ஆதலின் அவருடைய கைகளைக் காண்கிறோமேயன்றி முகத்தைக் காண்பதில்லை. அக்கைகள் மதுவை எடுக்கின்றன. கொக்கைன் தூளை உட்கொள்கின்றன. கேளிக்கை விடுதியில் பெண்களைத் தகாத முறையில் தீண்டுகின்றன. குறுக்கே வந்தோரைத் தாக்குகின்றன. வாந்தியெடுத்தபின் மீண்டும் குடி, குடித்தபின் வண்டியோட்டம். இறுதியில், ஆடை களைந்தாடும் விடுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒரு பெண்ணுடன் அவ்விரவு கழிகிறது. அவள் சென்றபின் கதைமாந்தர் கண்ணாடியை நோக்குகிறார். அங்குத் தெரிவது ஒரு பெண்ணின் முகம்.

இப்படம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. எம்.டி.வி. அதனை நள்ளிரவுக்குப் பின் மட்டுமே ஒளிபரப்பியது. அமெரிக்கப் பெண்கள் அமைப்பொன்று கண்டித்தபின் அதனையும் நிறுத்தியது. பாடலின் தொடர் எதையும் முழு வேகத்தோடு செய்வதையே குறிப்பதாகவும், பெண்களுக்கு எதிரானதன்று எனவும் இசைக்குழுவினர் விளக்கமளித்தனர். 1998இல் அதே எம்.டி.வி. இப்படத்திற்கு இரு விருதுகளை வழங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் ரெடிங் இசைவிழாவில், இப்பாடலைப் பாட வேண்டாவென்று 'பீஸ்டி பாய்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பிராடிஜி குழுவினர் அதற்கு இணங்காது பாடினர்.

இப்படத்தின் வல்லமையை மறுப்பதற்கில்லை. குடியையும் அடிதடியையும் காமத்தையும் கண்டவுடனே இவன் ஆண் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அம்முடிவைக் கண்ணாடி பொய்யாக்குகிறது. ஆண் செய்தால் இயல்பு, பெண் செய்தால் அதிர்ச்சி என்று நாம் வைத்திருக்கும் இரட்டை அளவுகோல் அக்கணத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆணின் ஒழுக்கக்கேட்டைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய எந்தச் சமுதாயமும் இக்கண்ணாடியின் முன் சற்றே தலைகுனியத்தான் வேண்டும்.

ஆயினும் படம் அவ்வெற்றியோடு நின்றுவிடுகிறது. விடுதியில் தீண்டப்பட்ட பெண்கள் எவர்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது? தீண்டிய கை பெண்ணின் கை என்பதால் அவர்கள் அடைந்த இழிவு குறைந்துவிட்டதா? இவ்வினாக்களைப் படம் எழுப்புவதேயில்லை. கண்ணாடி செய்தவரின் முகத்தைக் காட்டிற்று. துன்புற்றவரின் முகத்தைக் காட்டவில்லை. அடுத்த குறை இதனினும் பெரிது. ஒரு பெண் மற்றொரு பெண்ணின்பால் கொள்ளும் ஈர்ப்பு, போதைக்கும் வாந்திக்கும் வன்செயலுக்கும் அடுத்ததாக வரும் மற்றுமொரு வரம்பு மீறலாகவே இப்படத்தில் எண்ணப்படுகிறது. அப்பெண்ணுக்கு வாழ்வில்லை, அன்பில்லை, ஒரு பெயர்கூட இல்லை. பார்ப்போரைத் திடுக்கிட வைக்கும் பொறியாகவே அவள் பயன்படுகிறாள். கட்டுப்பாடற்றதென்று பெயரெடுத்த இப்படமும், அதனைக் கண்டித்து முழங்கும் மேடைப் பேச்சும் இவ்வொரு புள்ளியில் கைகோத்து நிற்பது வியப்பிற்குரியது. இரண்டும் போதையையும் ஆளையும் ஒரே பட்டியலில் எழுதுகின்றன.

உடையும் உள்ளமும்

ஆண் பெண் முறைமையைத் தொட்ட படங்களுள் 'குயின்' குழுவினரின் 1984ஆம் ஆண்டுப் படம் இன்றளவும் பேசப்படுகிறது. ஜான் டீக்கன் எழுதி, ஃபிரெடி மெர்க்குரி பாடிய 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ' என்னும் பாடல் அது. பிரித்தானியரின் வீடுகளில் 1960 முதல் ஓடிவரும் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' என்னும் தொலைக்காட்சித் தொடரைப் பகடி செய்து இயக்குநர் டேவிட் மாலட் அதனை எடுத்தார். குழுவினர் நால்வரும் பெண்வேடம் பூண்டனர். ஒருவர் கூந்தலில் சுருள் குழல்களுடன் துயிலெழுகிறார். ஒருவர் பள்ளிச் சிறுமி. ஒருவர் முதிய பாட்டி. மெர்க்குரியோ மீசையை மழிக்காமலே இல்லத்தரசியாகி, தூசி உறிஞ்சும் கருவியை உருட்டிக்கொண்டு வருகிறார்.

ஆடவர் பெண்வேடமிட்டு நகைப்பூட்டும் நாடக மரபில் ஊறிய பிரித்தானிய மக்கள் இதனைக் கண்டு சிரித்தனர். தெருக்கூத்தில் ஆடவரே பெண்பாத்திரங்களை ஏற்று ஆடக் கண்ட நமக்கும் அச்சிரிப்பு விளங்கும். அமெரிக்காவிலோ எம்.டி.வி. படத்தை ஒதுக்கியது, அந்நாட்டில் குழுவின் செல்வாக்கு சரிந்ததற்கு இப்படமும் ஒரு காரணம் என்று கிட்டார் கலைஞர் பிரையன் மே பின்னாளில் பன்முறை கூறியுள்ளார். ஒரே மொழி பேசும் இரு நாடுகளில் ஒரே உடை, ஓரிடத்தில் நகைச்சுவையாகவும் மற்றோரிடத்தில் இடறலாகவும் கொள்ளப்பட்டது. முறைமை என்பது எத்துணை அளவு வழக்கத்தைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்படத்தில் மற்றொரு பாடமும் உண்டு. பெண்வேடம் பூண்டோர் நால்வர். அவர்களுள் ஆடவர்பால் ஈர்ப்புடையவராக அறியப்பட்டவர் மெர்க்குரி ஒருவரே. உடையைக் கொண்டு உள்ளத்தை அளப்பவர் நால்வரில் மூவரைத் தவறாக அளந்திருப்பார். வழக்கம் வேறு, ஆள் வேறு என நாம் வலியுறுத்துவது இதனாலேயே. மெர்க்குரி, சான்சிபாரில் பிறந்து நம் நாட்டின் பஞ்சகனியில் பள்ளிக்கல்வி பயின்ற பார்சி இளைஞர். தமக்கு எயிட்ஸ் நோய் இருப்பதை உலகுக்கு அறிவித்த மறுநாளே, 1991ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் அவர் உயிர்நீத்தார். அவருடைய உடையைக் கண்டு சிரித்தோரும் சினந்தோரும் அந்த ஆளை அறிந்திருந்தனரா என்பது ஐயமே.

போதையின் விலை

போதையைப் பொறுத்தமட்டில் நம் அளவுகோல் கடுமையாக இருத்தல் முறையே. எனினும் இங்கும் படத்துக்குப் படம் வேறுபாடு உண்டு. ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2006இல் வெளியிட்ட 'ரிஹாப்' என்னும் பாடல், குடிநோய் மருத்துவத்திற்குச் செல்ல மறுப்பதைப் பாடுவது. அதன் படத்தில் இசைக்கலைஞர்கள் இல்ல அங்கிகளோடு வாத்தியம் இசைக்க, பாடகி மருத்துவரின் அறையிலும் நோயாளர் கூடத்திலும் அமர்ந்து பாடுகிறார். இசையோ துள்ளுகிறது. 2008இல் அவர் பெற்ற ஐந்து கிராமி விருதுகளுள் சில இப்பாடலுக்கே உரியன. உலகமே அம்மறுப்பைச் சுவைத்துக் கைதட்டியது. 2011ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் இருபத்தேழு வயதில் அவர் இலண்டன் இல்லத்தில் இறந்துகிடந்தார். அவருடைய 100 மில்லி லிட்டர் குருதியில் 416 மில்லி கிராம் மது இருந்ததென விசாரணையில் தெரியவந்தது. இங்கிலாந்தில் வண்டியோட்டுவோர்க்கு அனுமதிக்கப்பட்ட அளவு 80.

பாடல் அவரைக் கொன்றதென்று நாம் கூறவில்லை, கூறுவது நேர்மையுமன்று. நோய் அவருள் முன்னரே இருந்தது. நாம் சுட்டுவது படத்தின் குறையை. அதில் நோயைப் பற்றிய குறும்பு இருந்தது, நோய் இல்லை. நடுங்கும் கைகளும் விடியற்காலை அச்சமும் உற்றாரின் கண்ணீரும் படச்சட்டத்திற்கு வெளியே தள்ளப்பட்டன.

இதன் மறுபக்கத்தில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் 'ஹர்ட்' நிற்கிறது. டிரென்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளிவந்த பாடலை, தம் எழுபதாம் வயதில் கேஷ் பாடினார். மார்க் ரோமனெக் அதனைப் படமாக்கினார். ஊக்க மாத்திரைகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் அடிமையாகி 1960களின் பெரும்பகுதியைச் சீரழித்தவர் கேஷ். பாடலிலிருந்த ஓர் இழிசொல்லை நீக்கி, ஆண்டவரின் திருப்பாடுகளை நினைவூட்டும் சொல் ஒன்றை அவ்விடத்தில் அமைத்துக்கொண்டார். படத்தில் போதைப்பொருள் காட்டப்படவில்லை. தளர்ந்த முகம், நடுங்கும் கை, மூடப்பட்டுப் பாழடைந்து கிடக்கும் அவருடைய நினைவுக்கூடம், இளமைக்காலக் காட்சிகள், 1973இல் அவரே எடுத்த இயேசுவின் வாழ்க்கைப் படத்திலிருந்து சிலுவைக் காட்சி ஆகியன மாறிமாறி வருகின்றன. உண்ணுவாரற்ற விருந்து மேசையின்மேல் அவர் கிண்ணத்திலுள்ள திராட்சை இரசத்தைக் கவிழ்க்கிறார். படியில் நின்று அவரையே நோக்கும் மனைவி ஜூன் கார்ட்டரின் கண்களில் ஒரு வாழ்நாளின் கவலை தேங்கி நிற்கிறது. அவ்வம்மையார் 2003 மே மாதத்திலும் கேஷ் அதே ஆண்டு செப்டம்பரிலும் மறைந்தனர். போதையின் விலையை இத்துணை அமைதியாகச் சொன்ன படம் பிறிதொன்றை நாம் கண்டதில்லை. அதனைச் சொல்வதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை, மறைக்கப்படாத தம் முகமும் அருகே நின்ற மனைவியின் முகமுமே.

நீட்டிய கை

இனி மூன்றாவதற்கு வருவோம். 1984இல் 'பிரான்ஸ்கி பீட்' என்னும் குழுவினர் வெளியிட்ட 'ஸ்மால்டவுன் பாய்' பாடலின் படத்தை எடுத்தவர் பெர்னார்ட் ரோஸ். பாடகர் ஜிம்மி சோமர்வில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தவர். ஆடவரிடையேயான உறவு குற்றமன்று என்னும் சட்டம் இங்கிலாந்தில் 1967இலேயே வந்துவிட்டது. அவர் பிறந்த ஸ்காத்லாந்திலோ அதற்கான சட்டம் 1980இல்தான் இயற்றப்பட்டது. சட்டம் மாறினும் ஊர் மாறவில்லை. நீச்சல் குளத்தில் தான் விரும்பிய இளைஞனோடு நட்புக்கொள்ள முயலும் ஒருவனை அவ்விளைஞனின் கூட்டாளிகள் தாக்குகின்றனர். காவலர் அவனை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். பெற்றோருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. மகன் பையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். தாய் அழுகிறாள். தந்தை சிறிது பணம் கொடுக்கிறார். மகன் கை நீட்டுகிறான். தந்தை அக்கையைப் பற்றவில்லை. பின்னர் தொடர்வண்டி.

இப்படத்தில் மதுவில்லை, போதையில்லை, ஆபாசமில்லை, பெண்வேடமும் இல்லை. ஓர் ஆள் மட்டுமே உண்டு. அதனினும் சிறப்பு, தந்தைக்கும் இதில் முகம் உண்டு. அவர் கொடியவரல்லர். மகன் பட்டினி கிடப்பதை அவர் விரும்பவில்லை; ஆகையால் பணம் கொடுக்கிறார். தம் கையை மட்டும் அவரால் கொடுக்க இயலவில்லை. நம் இல்லங்களில் இத்தகைய தந்தையரை நாம் அறிவோம். இரத்தம் சிந்தும் காட்சியினும் இந்தப் பற்றப்படாத கை நம் நெஞ்சில் நெடுநாள் தங்குகிறது.

அயர்லாந்துப் பாடகர் ஹோசியர் 2013இல் வெளியிட்ட 'டேக் மீ டு சர்ச்' பாடல் நம்மை நேராகவே குறிவைப்பது. மாந்தரின் அன்பையே பாவமென்று இழிவுசெய்வதாகத் திருச்சபையைச் சாடும் பாடல் அது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படமோ, அவ்வாண்டு இரஷ்யாவில் இயற்றப்பட்ட சட்டத்தையும் அங்கே தன்பால் ஈர்ப்புடையோர் தாக்கப்பட்டதையும் மனத்திற்கொண்டது. அன்புகொண்ட இரு ஆடவர். அவர்களுள் ஒருவனை முகமூடிக் கும்பலொன்று இழுத்துச் சென்று வதைக்கிறது. படம் வலியது. ஆயினும் கலை என்னும் நோக்கில் முன்னதற்கு ஒரு படி கீழே அதனை நாம் வைக்கிறோம். முகமூடியணிந்தவரை வெறுப்பது எளிது. அங்கே பார்ப்பவர் தம்மைக் காண்பதில்லை. கை கொடுக்காத தந்தையைக் காணும்போதோ, ஒவ்வொரு தந்தையும் தம் கையை ஒருமுறை நோக்கிக்கொள்கிறார்.

பாடலின் குற்றச்சாட்டுக்கு நாம் அளிக்கும் மறுமொழி யாது? தன்பால் பாலுறவுச் செயல்களைப் பற்றிய திருச்சபையின் ஒழுக்கப் போதனை வெளிப்படையானது; அதனை மூடி மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் அப்போதனையை அடுத்து வரும் 2358ஆம் பத்தி, இவ்வீர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்றுக்கொள்ளுமாறும், முறையற்ற பாகுபாட்டின் எவ்வடையாளத்தையும் தவிர்க்குமாறும் பணிக்கிறது. 1986ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் கர்தினால் இராட்சிங்கர் கையொப்பமிட்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு விடுத்த மடலும், இவர்கள்மேல் சொல்லாலும் செயலாலும் ஏவப்படும் வன்மம் எங்கு நிகழினும் ஆயர்களின் கண்டனத்திற்குரியது என்று கூறுகிறது. இவையும் போதனையே. முன்னதை உரக்கவும் இவற்றை மெல்லவும் நாம் சொல்லிவந்தோமாயின், ஹோசியரின் பாடலுக்குச் செவிகள் கிடைத்ததில் வியப்பில்லை. 1993 வரை இவ்வுறவைக் குற்றமாக வைத்திருந்த அயர்லாந்தில், 2015 மே 22ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் ஒருபால் திருமணச் சட்டத்திற்கு இசைவளித்தனர். இசைவளித்த இளைஞருள் பெரும்பாலோர் பன்னிரண்டு ஆண்டுகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றவர்களே என்பதைச் சுட்டி, திருச்சபை தன் நிலையை உள்ளபடி ஆராய வேண்டும் என்று டப்ளின் பேராயராயிருந்த தியர்முயிட் மார்ட்டின் கூறினார். பிள்ளைகள் நம்மிடம் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தும் நம் மதிப்பும் பரிவும் அவர்கள் கண்ணிற்படவில்லையெனில், குறையைப் பாடகரிடம் மட்டும் தேடுவது முறையன்று.

ஆதலின் பொதுநிலையினராகிய பெற்றோர்க்கு நாம் பரிந்துரைப்பது இதுவே. பிள்ளைகள் காணும் இசைப்படத்தை அவர்களோடு அமர்ந்து காணுங்கள். போதை காட்டப்பட்டால், அதன் விலையும் காட்டப்பட்டதா என்று கேளுங்கள். காட்டப்படாதபோது நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஆண் பெண் முறைமை பகடி செய்யப்பட்டால், நகைக்கப்படுவது ஒரு வழக்கமா, ஒரு மனிதரா என்று பிரித்துப் பாருங்கள். பெண்ணை இழிவுசெய்யும் படத்தை, எவர் கை இழிவுசெய்தாலும் தயங்காது மறுத்துரையுங்கள். தன்பால் ஈர்ப்புடைய ஒருவர் காட்டப்பட்டால் மட்டும், உடனே வாய் திறவாது சற்றுப் பொறுங்கள். அருகில் அமர்ந்திருக்கும் மகனோ மகளோ அக்கணத்தில் படத்தைப் பாராது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். தம்மைப் பற்றி என்றேனும் உங்களிடம் பேசலாமா, கூடாதா என்பதை உங்கள் முதற்சொல்லைக் கொண்டே அவர்கள் முடிவுசெய்வார்கள்.